நயாகராவின் நீர் யாருக்குச் சொந்தம்? ஆடம் பெக்கின் அரசியல் வாழ்வு

ரொறன்ரோவில் வாழும் தமிழர்கள் மின்சாரக் கட்டணப் பட்டியலை "ஹைட்ரோ பில்" என்றுதான் சொல்கிறார்கள். புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு இந்தச் சொல் முதலில் குழப்பம் தரும். ஹைட்ரோ என்றால் தண்ணீர் அல்லவா, இது தண்ணீர் வரியா, மின்சாரக் கட்டணமா என்று கேட்பார்கள். ரொறன்ரோ அமைந்திருக்கும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் மின்சாரம் இன்று மிகுதியாக அணுமின் நிலையங்களிலிருந்து வருகிறது. ஆனாலும் அந்தப் பழைய பெயர் மக்கள் நாவிலிருந்து அகலவில்லை. ஒரு மாகாணமே மின்சாரத்தை நீரின் பெயரால் அழைக்கும்படி செய்தவர், சிகார் பெட்டி செய்து விற்றுவந்த ஒரு வியாபாரி. அவர் பெயர் ஆடம் பெக்.

அவர் ஒருபோதும் மாகாண முதல்வராக இருந்ததில்லை. அமைச்சரவையில் இடம்பெற்ற காலத்திலும் இலாகா இல்லாத அமைச்சராகவே இருந்தார். ஆனால் அவர் காலத்து முதல்வர்களின் பெயர்களை வரலாற்று மாணவர்களே தேடிப் பார்க்க வேண்டியிருக்க, பெக்கின் வெண்கலச் சிலை ரொறன்ரோவின் யூனிவர்சிட்டி அவெனியூவின் நடுவே உயர்ந்து நிற்கிறது. நயாகரா ஆற்றங்கரையில் இரண்டு பெரிய மின்நிலையங்கள் அவர் பெயரைத் தாங்குகின்றன. இத்தனை செல்வாக்கு ஒரு மாகாணசபை உறுப்பினருக்கு எப்படி வாய்த்தது என்பது ஒரு கேள்வி. அந்தச் செல்வாக்கை யார் தட்டிக்கேட்க முடிந்தது என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

பெக் 1857இல் ஒன்ராறியோவின் தென்மேற்கில் உள்ள பேடன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜேக்கப், ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். வார்ப்பாலையும் மாவாலையும் நடத்தினார். அந்தத் தொழில்கள் நொடித்தபின், மகன் சிறு முதலோடு கால்ற் நகரில் பெட்டித் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதை லண்டனுக்கு மாற்றினார். இது இங்கிலாந்தின் லண்டன் அல்ல. அதே பெயரில், அதே பெயருடைய தேம்ஸ் என்ற ஆற்றின் கரையில் அமைந்த ஒன்ராறியோ நகரம். அங்கே சிகார் தொழில் செழித்திருந்தது. சிகாருக்குப் பெட்டி வேண்டும், பெட்டிக்கு மெல்லிய மரத்தகடு வேண்டும். பெக் இரண்டையும் செய்து பணக்காரரானார். குதிரைகள் மீது அவருக்குத் தீராத காதல். பந்தயக் குதிரைகளும் தடை தாண்டும் குதிரைகளும் வளர்த்தார். 1898இல் தன்னைவிட மிகவும் இளையவரான லிலியன் ஒட்டவேயை மணந்தார். லிலியன் நல்ல பாடகி, தேர்ந்த குதிரையேற்ற வீராங்கனை. அதே ஆண்டு பெக் மாகாணத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சிக்காக நின்று தோற்றார். 1902இல் லண்டன் மேயரானார். அதே ஆண்டு மாகாணசபைக்கும் தேர்வானார். இரண்டு பதவியையும் ஒருசேர வகிப்பதற்கு அப்போது தடையில்லை.

மேயராக இருந்த அந்த மூன்று ஆண்டுகளே பெக்கை உருவாக்கின என்பது என் எண்ணம். ஒரு நகரத்துக்கு மின்சாரம் என்ன விலையில் கிடைக்கிறது என்பது, அங்கே தொழிற்சாலை நிலைக்குமா, வேறிடம் பெயர்ந்துவிடுமா என்பதைத் தீர்மானிக்கும். நகரசபை நாற்காலியில் அமர்ந்தவருக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒன்ராறியோவில் நிலக்கரி கிடையாது. ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் வேண்டிய நிலக்கரி அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து வந்தது. 1902இல் அங்கே சுரங்கத் தொழிலாளர் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது, எல்லைக்கு இப்பால் இருந்தவர்கள் தங்கள் நிலை எவ்வளவு பலவீனமானது என்பதைக் கண்டார்கள். மறுபுறம், அவர்கள் வாசலிலேயே நயாகரா கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நீரின் உரிமையோ மூன்று தனியார் நிறுவனங்களின் கையில் இருந்தது. இரண்டு அமெரிக்க முதலாளிகளுடையவை. மூன்றாவது, ரொறன்ரோவின் பெரும்புள்ளிகளான வில்லியம் மக்கென்சி, ஹென்றி பெலட், ஃபிரெடெரிக் நிக்கல்ஸ் ஆகியோருடையது. பெலட் என்பவர் பின்னாளில் ரொறன்ரோ மேட்டில் காசா லோமா என்ற கோட்டை மாளிகையைக் கட்டியவர். இன்று சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் எடுத்துப் பார்க்கும் அதே மாளிகைதான்.

நயாகரா மின்சாரம் ரொறன்ரோவுக்கு வரும், பெருமுதலாளிகளுக்கு இலாபம் தரும், உள்நாட்டுச் சிறு நகரங்களோ இருளில் கிடக்கும். இந்த அச்சம்தான் இயக்கமாக மாறியது. அதைத் தொடங்கியவர் பெக் அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வாட்டர்லூ வட்டாரத்தின் ஸ்னைடர், டெட்வைலர் என்ற இரண்டு வணிகர்கள் ஊர் ஊராகச் சென்று மேயர்களையும் ஆலை உரிமையாளர்களையும் திரட்டினார்கள். 1902இல் பேர்லின் நகரில் முதல் கூட்டம் நடந்தது. இதுவும் ஒன்ராறியோவின் பேர்லின்தான். ஜெர்மானியர் மிகுதியாக வாழ்ந்த தொழில் நகரம். அடுத்த ஆண்டு நடந்த பெரிய கூட்டத்துக்கு லண்டன் மேயர் என்ற முறையில் பெக் வந்தார். கேட்க வந்தவர் தலைவராகிவிட்டார். ஸ்னைடரும் டெட்வைலரும் இன்று அதிகம் நினைக்கப்படுவதில்லை. விதைத்தவர்களை மறந்து அறுத்தவரை மட்டும் போற்றுவது நியாயம் அல்ல.

1905 தேர்தலில் நீண்டகால லிபரல் ஆட்சி வீழ்ந்து, ஜேம்ஸ் விட்னி தலைமையில் கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சிக்கு வந்தது. நயாகராவின் நீர்வலு காற்றைப் போல் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும், முதலாளிகளின் இரையாகக் கூடாது என்று விட்னி அறிவித்தார். பெக்கை இலாகா இல்லாத அமைச்சராக்கினார். 1906 வசந்தத்தில் நகரசபைப் பிரதிநிதிகள் பெருந்திரளாகச் சட்டமன்றம் அமைந்த குயின்ஸ் பார்க்குக்குப் படையெடுத்து வந்தார்கள். அடுத்த சில வாரங்களில் மக்கள் சுருக்கமாக ஹைட்ரோ என்று அழைத்த ஒன்ராறியோ நீர்மின் ஆணையம் சட்டமாகியது. பெக் அதன் தலைவர்.

அந்த ஆணையத்தின் கட்டமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் பெக்கின் மேதைமை அங்கேதான் இருக்கிறது. தொடக்கத்தில் ஆணையம் மின்சாரத்தை உற்பத்தி செய்யவில்லை. தனியார் நிறுவனம் ஒன்றிடமிருந்து மொத்தமாக வாங்கியது. தன் சொந்தக் கம்பி வழியாக நகரங்களுக்குக் கொண்டு சென்றது. நகர எல்லையில் அதைப் பெற்று வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் விநியோகித்தது அந்தந்த நகரசபையின் சொந்த மின்சாரசபை. விலையில் இலாபம் சேராது. வாங்கிய விலை, கம்பிச் செலவு, கடனுக்கான வட்டி, முப்பது ஆண்டுகளில் கடனை அடைப்பதற்கான தவணை, இவற்றைக் கூட்டி ஒவ்வொரு நகரமும் தன் பங்கைச் செலுத்த வேண்டும். மாகாண அரசு தன் நற்பெயரைக் கொண்டு குறைந்த வட்டிக்குக் கடன் திரட்டிக் கொடுத்தது. ஆனால் அதை அடைக்கும் பொறுப்பு நகரங்களுடையது. எனவே சேருவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு நகரத்தின் வாக்காளர்களும் வாக்களித்தே முடிவு செய்தார்கள். 1907 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்புகளில் நகரத்துக்கு நகரம் ஆதரவு பெருகியது. "அடக்க விலையில் மின்சாரம்" என்பது அவர்களது முழக்கம். அது வெறும் மேடைப் பேச்சாக நில்லாமல் கணக்கேட்டில் ஏறிய முழக்கம்.

எதிர்ப்பு கடுமையாக வந்தது. 110,000 வோல்ட் அழுத்தத்தில் நெடுந்தூரம் மின்சாரம் கொண்டு செல்வது அன்று புதிது. ஆபத்து என்றார்கள், முடியாது என்றார்கள். மக்கென்சியும் பெலட்டும் அவர்களுக்கு முதலீடு செய்த இங்கிலாந்தின் லண்டன் மாநகரத்து நிதியாளர்களும், அரசு தனியார் தொழிலைக் கொள்ளையடிக்கிறது, இனி ஒன்ராறியோவுக்கு யார் கடன் கொடுப்பார் என்று எச்சரித்தார்கள். வாக்காளர் அங்கீகரித்த ஒப்பந்தமும் கடைசியில் கையெழுத்தான ஒப்பந்தமும் வெவ்வேறு என்று சில குடிமக்கள் வழக்குப் போட்டார்கள். 1909இல் சட்டமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் அந்த வழக்குகளையே நிறுத்திவைத்து, ஒப்பந்தங்களைச் செல்லுபடியாக்கியது. அந்தச் சட்டத்தை இரத்துச் செய்யும்படி மத்திய அரசிடம் முறையீடுகள் குவிந்தன. பிரதமர் வில்ஃபிரிட் லோரியேயின் அரசு மறுத்துவிட்டது.

பொது உடைமையை மனதார ஆதரிப்பவன் நான். ஆனாலும் இந்த இடத்தில் எனக்கு உறுத்துகிறது. நீதிமன்றத்தின் கதவைச் சட்டத்தால் மூடுவது, எவ்வளவு நல்ல நோக்கத்துக்காக என்றாலும், குடிமகனின் உரிமையைப் பறிப்பதுதான். பின்னாளில் பெக்கின் நடத்தையில் முற்றிய ஒரு குணத்தின் முளையை இங்கே காண்கிறேன். மக்களின் நன்மைக்காகப் போராடுகிறவர், தன்னை எதிர்ப்பவர் எல்லோரும் மக்களின் எதிரிகள் என்று நம்பத் தொடங்கும் இடம் இது.

1910 அக்டோபர் 11. இயக்கம் பிறந்த பேர்லின் நகரிலேயே முதல் விளக்கேற்றும் விழா. விட்னியும் பெக்கும் மேடையில் நின்றார்கள். பொத்தானை அழுத்தியதும் நயாகராவிலிருந்து வந்த மின்சாரம் அரங்கத்தை ஒளியால் நிரப்பியது. எரிவாயு விளக்கின் மங்கலுக்குப் பழகிய கண்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. அடுத்த ஆண்டு மே மாதம் ரொறன்ரோவுக்கும் மின்சாரம் வந்தது. கட்டணம் குறைந்தது. குறைந்ததால் பயன்பாடு பெருகியது. பயன்பாடு பெருகியதால் கட்டணம் மேலும் குறைந்தது. மின்சாரம் செல்வர் வீட்டு ஆடம்பரம் என்ற நிலை மாறி, தொழிலாளியின் அடுக்களைக்குள் நுழைந்தது.

அவரது குடும்ப வாழ்வில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரே மகள் மரியனுக்குக் குழந்தைப் பருவத்தில் காசநோய் வந்தது. பெக் தம்பதியிடம் பணம் இருந்தது, சிறந்த மருத்துவர்களிடம் காட்ட முடிந்தது, மகள் பிழைத்தாள். பணமில்லாதவர் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்ற கேள்வி அவர்களை விடவில்லை. ஊர் ஊராக நன்கொடை திரட்டி, லண்டனுக்கு அருகே பைரன் என்ற இடத்தில் காசநோய் மருத்துவமனை ஒன்றை எழுப்பினார்கள். 1910இல் அது திறக்கப்பட்டது. ஆணையத்தின் பகைவர்கள்கூட இந்தப் பணியைக் குறைசொல்லவில்லை. பெக்கை அதிகார ஆசை பிடித்தவர் என்று மட்டும் சித்திரிப்பவர்கள் இந்த மருத்துவமனையை எங்கே வைப்பார்கள் என்று நான் கேட்பேன்.

நகரங்களோடு அவர் நிற்கவில்லை. வண்டிகளில் மோட்டார்களையும் துணிதுவைக்கும் பொறிகளையும் பால்கறக்கும் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குச் சென்று, விவசாயிகளின் கண்முன்னே இயக்கிக் காட்டினார். மக்கள் அதைப் பெக்கின் சர்க்கஸ் என்று அன்போடு அழைத்தார்கள். பண்ணை வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் கிராமத்துக்குக் கம்பி இழுக்கும் செலவு மிக அதிகம். 1921இல் அந்தச் செலவில் பாதியை மாகாண அரசு ஏற்கும் சட்டம் வந்த பிறகே கிராமங்களில் வேகம் பிடித்தது.

1914இல் பெக்குக்குச் சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு உலகப் போர் மூண்டது, விட்னி இறந்தார், புதிய முதல்வர் வில்லியம் ஹேர்ஸ்ற் பெக்கை அமைச்சரவையில் சேர்க்கவில்லை. குதிரைகளை நன்கறிந்தவர் என்பதால் இராணுவத்துக்குக் குதிரை வாங்கும் பணி அவரிடம் வந்தது. ஆனால் ஜெர்மானியப் பெயர் கொண்டவர் என்று சிலர் அவர்மீது சந்தேகத்தை வீசினார்கள். அந்தக் காலத்தின் வெறி எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும்: முதல் விளக்கெரிந்த பேர்லின் நகரம் 1916இல் தன் பெயரையே இழந்து, பிரிட்டிஷ் தளபதியின் பெயரால் கிச்சினர் ஆனது.

போர் ஆலைகள் மின்சாரத்துக்கு அலைந்தன. வாங்கி விற்பது போதாது, சொந்தமாக உற்பத்தி செய்ய வேண்டும் என்று பெக் முடிவு செய்தார். 1917இல் ஆணையம், தான் மின்சாரம் வாங்கிவந்த ஒன்ராறியோ பவர் நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. சில ஆண்டுகளில் மக்கென்சி, பெலட் கூட்டத்தின் நிறுவனமும் ஆணையத்தின் கைக்கு வந்தது. 1917இல்தான் குவீன்ஸ்டன்–சிப்பாவா திட்டமும் தொடங்கியது.

இந்தத் திட்டத்தின் தருக்கம் அழகானது. 1909இல் கனடாவுக்காகப் பிரிட்டனும் அமெரிக்காவும் செய்த எல்லை நீர் ஒப்பந்தம், நயாகராவிலிருந்து மின்சாரத்துக்காக எடுக்கும் நீருக்கு வரம்பு விதித்திருந்தது. கனடாவின் பங்கு வினாடிக்கு 36,000 கன அடி. நீரைக் கூட்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு கன அடியிலிருந்தும் கூடுதல் வலுவைப் பெற வேண்டும். அருவியை ஒட்டிய நிலையங்களுக்கு அருவியின் உயரமான ஏறத்தாழ 50 மீட்டர் வீழ்ச்சிதான் கிடைத்தது. ஆனால் அருவிக்கு மேலும் கீழும் உள்ள பாய்ச்சல்களில் ஆறு இன்னும் இறங்குகிறது. அருவிக்கு மேலே சிப்பாவாவில் நீரை எடுத்து, கால்வாய் வெட்டி, அருவியையே சுற்றிக் கொண்டுபோய்க் குவீன்ஸ்டனில் விழச் செய்தால் ஏறத்தாழ 90 மீட்டர் வீழ்ச்சி கிடைக்கும். அதே நீருக்கு ஏறக்குறைய இரட்டிப்பு மின்சாரம். இதற்காக வெலண்ட் ஆற்றின் கீழ்ப்பகுதி நீரோட்டத்தையே எதிர்த்திசைக்குத் திருப்பினார்கள். பாறையைக் குடைந்து கால்வாய் வெட்டப் பல்லாயிரம் பேர் உழைத்தார்கள். 1921 டிசம்பர் இறுதியில் முதல் இயந்திரம் சுழன்றது. முழுமையடைந்தபோது உலகின் மிகப்பெரிய நீர்மின் நிலையமாக அது விளங்கியது.

செலவோ முதல் மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டியிருந்தது. போர்க்கால விலையேற்றமும் கூலி உயர்வும் ஒரு காரணம். கட்டிக்கொண்டிருக்கும்போதே திட்டத்தைப் பெரிதாக்கியது இன்னொரு காரணம். இவற்றைச் சட்டமன்றத்துக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் பெக்மீது எழுந்த உண்மையான குற்றச்சாட்டு. 1916இலேயே மாகாணத் தணிக்கையாளர் ஆணையத்தின் கணக்குகள் பற்றிக் கேள்வி எழுப்பியிருந்தார். பெக்கின் பதில் எப்போதும் ஒன்றுதான்: இது நகரங்களின் பணம், நான் நகரங்களுக்குப் பதில் சொல்வேன்.

அந்தப் பதிலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆணையத்தின் தலைவர் பெக். ஆணையத்தை நெருக்க வேண்டிய நகரசபைகளின் இயக்கத்துக்கும் உண்மையான தலைவர் பெக். ஆணையத்தைக் கேள்வி கேட்க வேண்டிய சட்டமன்றத்தில் உறுப்பினர், சில காலம் அமைச்சர், அதுவும் பெக். விற்பவர், வாங்குபவர், கண்காணிப்பவர் மூவரும் ஒருவரே. முதல்வர் கேள்வி கேட்டால் நகரங்களைத் திரட்டிக்கொண்டு குயின்ஸ் பார்க்குக்கு வருவார். நகரம் ஒன்று தயங்கினால் ஆணையத்தின் தலைவராகப் பேசுவார். அவர் திருடவில்லை. அந்த மாதிரி மனிதரும் அல்ல. ஆனால் திருடாதவர் என்பதாலேயே கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்று ஆகிவிடாது.

1919 தேர்தலில் லண்டன் தொகுதியில் தொழிற்கட்சி வேட்பாளரிடம் பெக் தோற்றார். விவசாயிகள் கட்சியின் ட்ரூரி முதல்வரானார். சட்டமன்ற இருக்கை போனாலும் ஆணையத் தலைமை பெக்கிடமே இருந்தது. ட்ரூரியோடு அவர் மோதியது மின்சார இரயில் விஷயத்தில். நகரங்களையும் கிராமங்களையும் மின்சார இரயிலால் இணைக்க வேண்டும் என்பது அவரது நெடுநாள் கனவு. லண்டனிலிருந்து ஈரி ஏரிக்கரையின் போர்ட் ஸ்டான்லி வரை அப்படி ஒரு பாதையை 1915இல் மின்மயமாக்கி வெற்றியும் கண்டிருந்தார். ஆனால் அதற்குள் மோட்டார் வாகனம் வந்துவிட்டது. ட்ரூரியின் அரசு நெடுஞ்சாலை அமைப்பதில் முனைந்தது. அரசு நியமித்த விசாரணைக் குழு, இந்த இரயில்கள் நட்டத்தில்தான் ஓடும் என்று 1921இல் அறிக்கை தந்தது. 1923 புத்தாண்டு நாளில் ரொறன்ரோ வாக்காளர்களும் கைவிட்டார்கள். வாக்கெடுப்புகளால் எழுந்த மனிதரின் பெருங்கனவை ஒரு வாக்கெடுப்பே முடித்துவைத்தது. இன்று ரொறன்ரோவைச் சூழ்ந்த நெரிசலில் மணிக்கணக்கில் நிற்பவர்களுக்கு அந்தத் தண்டவாளங்கள் நினைவுக்கு வரலாம். ஆனால் அன்றைய கணக்கில் விசாரணைக் குழு சொன்னது தவறல்ல.

1923இல் கன்சர்வேட்டிவ் கட்சி மீண்டும் வென்றது. பெக்கும் லண்டனில் வென்று, மறுபடி இலாகா இல்லாத அமைச்சரானார். ஆனால் ட்ரூரி அமைத்திருந்த இன்னொரு விசாரணைக் குழு, வழக்கறிஞர் கிரெகரியின் தலைமையில், ஆணையத்தின் ஏடுகளை வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. 1924இல் வந்த அதன் முடிவு எனக்கு மிக நேர்மையானதாகத் தோன்றுகிறது. பெக் தனக்கென எதையும் எடுக்கவில்லை, நிறுவனம் உறுதியாக நிற்கிறது, மக்களுக்கு அது நன்மை செய்திருக்கிறது. ஆனால் அவர் அரசுகளைக் கலக்காமல், சக ஆணையர்களையும் பொருட்படுத்தாமல், தன் விருப்பப்படி நடந்தார். இரண்டும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழித்துவிடுவதில்லை.

லிலியன் 1921 இலையுதிர் காலத்தில் இறந்திருந்தார், சிப்பாவா இயந்திரம் சுழல்வதற்குச் சில வாரங்கள் முன்னதாக. அதற்குப் பிறகு பெக் பழைய பெக்காக இல்லை. ஆணையத்தில் அவருக்குச் செயலாளராக இருந்தவர் ஒருவர் பணத்தோடு தலைமறைவாகி, பழியைப் பெக்மீது சுமத்தினார். நீதிபதியின் விசாரணை அவரை விடுவித்தது என்றாலும், அந்த அலைச்சல் இரத்தசோகையால் நலிந்திருந்த உடலை மேலும் வாட்டியது. 1925 ஆகஸ்ட் 15 அன்று லண்டன் வீட்டில் இறந்தார். ஹமில்ரனில் மனைவியின் அருகே அடக்கம் செய்தார்கள்.

அவர் கட்டிய நிறுவனம் நெடுங்காலம் நின்றது. 1950இல் குவீன்ஸ்டன் நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து அருகிலேயே இரண்டாவது நிலையமும் எழுந்தது. பின்னாளில் ஒன்ராறியோ ஹைட்ரோ என்று பெயர் மாறிய அந்த ஆணையம் 1999இல் பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் மின்கம்பிகளை வைத்திருக்கும் ஹைட்ரோ வன் நிறுவனத்தின் பங்குகளை 2015இல் மாகாண அரசு சந்தையில் விற்கத் தொடங்கியது. அந்த விற்பனையை எதிர்த்தவர்கள் பெக்கின் பெயரைச் சொல்லியே எதிர்த்தார்கள்.

ஹைட்ரோவைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் பூட்டி, அரசியல்வாதிகளின் கையில் அது அழியாமல் காக்கும்வரை வாழ வேண்டுமென்று ஆசைப்பட்டேன் என்று பெக் தன் இறுதிக் காலத்தில் சொன்னதாகப் பதிவு உண்டு. அந்த வார்த்தைகளில் இருக்கும் பாசத்தை நான் நம்புகிறேன். அரசியல்வாதிகள் என்று அவர் குறிப்பிட்டது மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தை. இறக்கும் நாள்வரை லண்டன் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினராக அவரும் அந்த அவையில்தான் இருந்தார்.